ஏழரை

ஒரு செவ்வாய்க்கிழமை கழுநீருக்குள் விழுந்தது.
இடது கையால் அரிசி களைந்துகொண்டே
வலது கட்டைவிரலால்
இரவு ஷிப்டுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தேன்.
பாயான் லெப்பாஸ், மூன்றாம் லைன், இருவர் குறைவு.
'யார் வர முடியும்' என்று எழுதி
கேள்விக்குறி வைப்பதற்குள்
நழுவிவிட்டது.

துடைத்தேன், உதறினேன், ஊதினேன்.
கண்ணாடிக்குள் ஒரு குட்டிக் குளம் ஆடியது.
"அரிசிக்குள்ள போடுங்க, ராத்திரி பூரா கெடக்கட்டும்"
என்றார் எதிர்வீட்டு ஜெசிந்தா.
ஊறிய அரிசி உலையில்,
காய்ந்த அரிசிக்குள் கைப்பேசி.
பசிக்கும் பதற்றத்துக்கும் அன்று
ஒரே மூட்டைதான் மருந்து.

கைக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை.
பாவாடைப் பையைத் தடவியது,
குளிர்பெட்டியைத் திறந்து
எதற்கென்று மறந்து மூடியது.

ருத்ரேஷ் ஒரு கன்னத்திலேயே சோற்றை அதக்கினான்.
"என்னடா?"
"பல் ஆடுது."
"எப்பலேர்ந்து?"
"வெள்ளிக்கெழம சொன்னேனே.
நீங்க 'ம்' சொன்னீங்க."

ம்.
அவனுடைய இரண்டாம் ஆண்டுப் பாடநூலில்
அது மெய்யெழுத்து.
பொய் சொல்ல நான் அதைத்தான் எடுத்திருக்கிறேன்.
உதடு பிரிய வேண்டாம், கண் நிமிர வேண்டாம்.
முட்டிக் காயத்துக்கு ஒன்று,
கனவில் வந்த முதலைக்கு ஒன்று,
உயிர் சேராமல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

"எங்க, காட்டு."
நாள் முழுக்க எதையெதையோ மேலே தள்ளிய அதே விரல்
ஒரு பால்பல்லைத் தொட்டது.
அசைந்தது.

காலையில் கைப்பேசி பிழைத்துக்கொண்டது.
ஆறு புலனக் குழுக்கள்,
நூற்று நாற்பத்திரண்டு செய்திகள்,
அவற்றில் பத்து தண்ணீர் நிற்கும் அறிவிப்பு,
முப்பது காலை வணக்கம்.
நோர்ஹயாத்தி மட்டும் உண்மையாகவே
இரட்டை ஷிப்ட் நின்றிருந்தாள்.
நாசி லெமாக் வாங்கிக்கொண்டுபோய்
மன்னிப்புக் கேட்டேன்.
மீனைத் தின்றாள், மன்னிப்பை யோசிப்பதாகச் சொன்னாள்.

அன்றிலிருந்து
ஏழரை முதல் ஒன்பது வரை
அது அரிசி வாளிக்குள்.
ஜொகூருக்கு லாரி ஓட்டும் குணாளன்
விழுந்து விழுந்து சிரித்தார்:
"மனுசனுக்குத்தான் ஏழரை பிடிக்கும்,
உன் போனுக்கே பிடிச்சிருச்சே!"
அவசரமென்றால் ஜெசிந்தாவை அழைக்கச் சொன்னேன்.
இதுவரை ஒரே ஒரு அவசரம்:
சாம்பார்த்தூள் எந்த டப்பாவில் என்று.
அதையும் அவர் லாரியில் இருந்து ஏன் கேட்டார்,
தெரியவில்லை.

அந்த ஒன்றரை மணி நேரமும் தேன் என்று நினைக்க வேண்டாம்.
வாய்ப்பாட்டுக்காகச் சண்டை போட்டிருக்கிறோம்.
ஒருநாள் கதை கேட்டான்,
பாதிக் கதையில் நான் தூங்கிப்போனேன்.
வியாழனன்று, வண்டு இருக்கிறதா என்று பார்க்கத்தான்,
வாளிக்குள் முழங்கை வரை கைவிட்டேன்.
அரிசி சலசலத்தது.
கூடத்திலிருந்து குரல்:
"அம்மா, நாளைக்குச் சோறு இப்பவே அளக்குறீங்களா?"

மூன்று வருடமாக இந்தப் பதினோராம் மாடி.
இறங்கும் விமானத்தின் வயிறு
இவ்வளவு கிட்டத்தில் தெரியும் என்று அறியேன்.
அவனுக்குத் தெரிந்திருக்கிறது.
வால் நிறம் பார்த்தே
எந்த ஊரிலிருந்து என்று சொல்கிறான்,
தப்பாகச் சொன்னாலும்
எனக்கெப்படித் தெரியும்.

பல் ஞாயிறு விழுந்தது.
நேற்று செருப்புப் பெட்டியில்
விமான நிலையம் கட்டிக்கொண்டிருந்தான்.
ஓடுபாதைக்கு என் பழைய அளவுநாடா.
"விழுந்த எடம் வலிக்குதாடா?"

நிமிராமல் சொன்னான்:
"ம்."

சுவரோரம் உட்கார்ந்தேன்,
கையில் ஒன்றுமில்லாமல்.
அடுக்களையில் அரிசி ஒருமுறை முனகி அடங்கியது.
மணி எட்டு நாற்பது.
அவன் ஓடுபாதையில் கடைசி விளக்கை ஒட்டும்வரை
காத்திருக்கலாம் என்று இருந்தேன்.